இருபத்தெட்டு டிகிரி

பனிப்புயலில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. மத்தியானம் வேலையிலிருந்து ஓடிவந்த ஆலன், கோட்டைக்கூடக் கழற்றாமல் தன் வளர்ப்புப் பாம்பு ஹேமிஷின் பெட்டி முன் மண்டியிட்டான். வெந்நீர்ப் பைகளைத் துண்டில் சுற்றிப் பெட்டியைச் சுற்றிலும் அணைத்து வைத்தான்.

"போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, மாத்திரை எங்க இருக்குன்னு மட்டும் சொன்ன," என்றாள் அவன் மனைவி மொய்ரா. கழுத்துவரை போர்த்திக்கொண்டு, சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உறையில்லாத தலையணை கிடந்தது.

"ஹேமிஷால எழுந்து போய் மாத்திரை எடுக்க முடியாதே."

"உயிரோட இருக்கான்னு திறந்துதான் பாரேன்."

"திறந்தா சூடு போயிடும். உனக்கென்ன தெரியும்?"

மூன்று மணி நேரம் கேஸ் அடுப்புக்கும் பெட்டிக்குமாக நடந்தான். பெட்டியின் வெப்பமானி ஹேமிஷுக்குத் தேவையான இருபத்தெட்டைத் தொட்டதும் பெருமையாக நிமிர்ந்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன். காலிப் பெட்டிய நல்லாவே காப்பாத்திட்ட."

போர்வையை விலக்கினாள். அவள் ஸ்வெட்டருக்குள் இருந்த தலையணை உறை மெல்ல நெளிந்தது.

"நீ வர்ற வரைக்கும் விட்டிருந்தா விறைச்சுப் போயிருக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"இந்த வீட்டுல நீ யாரையாவது இவ்வளவு அக்கறையா கவனிச்சு இன்னிக்குத்தான் பாக்கிறேன். கெடுக்க மனசு வரல. அந்த வெந்நீர்ப் பையக் கொண்டா, கால் மரத்துப் போச்சு."