வேரின் சிரிப்பு

ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் பிடுங்கிப்போட்ட பல்லின் வேர் ஒன்று. அதன்மேல் படலமாக ஒட்டிக் குடியிருந்த கிருமிகள். வேரில் சொத்தை எப்படி விழுகிறது என்று பார்க்க, ஆராய்ச்சி செய்யும் மதிவதனி மேலிருந்து சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டவிட்டாள்.

கிருமிகள் நெகிழ்ந்துபோயின. “வாயில இருந்தவரைக்கும் நம்மளத் தேய்ச்சுத் துப்புனாங்க. இங்க கூப்பிட்டு விருந்து வைக்கிறாங்க. இவங்க வீட்டுப் பல்லையா கெடுக்கிறது?” என்று சர்க்கரையைத் தொடாமல் மரியாதையாக உட்கார்ந்துவிட்டன.

மதிவதனி தினமும் குனிந்து பார்த்தாள். வேர் வழவழவென்றே இருந்தது. அவள் முகம் வாடிப்போனது.

“அட அசடுகளா, உங்க மரியாதையால அந்தப் பொண்ணு அழுதுடும் போலிருக்கு! சாப்பிடுங்க, என்னை அரிச்சுத் தள்ளுங்க!” என்று அதட்டியது வேர்.

“வலிக்காதா?”

“நரம்பே செத்துப்போச்சு, வலி ஏது?”

கிருமிகள் பந்தியில் உட்கார்ந்தன. கொஞ்ச நாளில் குழி விழுந்தது. மதிவதனி கைதட்டிச் சிரித்தாள். அதைப் பார்த்து வேரும் பூரித்துப்போனது.

“உடம்புல ஓட்டை விழுந்ததுக்கா உனக்கு இவ்வளவு பூரிப்பு?” என்று வேரிடம் கேட்டது ஒரு கிருமி.

“அந்த வாய் எத்தனையோ தடவை சிரிச்சுது. ஈறுக்குள்ள கிடந்த நான் ஒண்ணுலகூட வெளிய தெரிஞ்சதில்ல,” என்றது வேர். “இந்தச் சிரிப்பு என்னோடது.”