அடியெடுத்தவள்

லூயிஸ் தீவின் தேவாலயச் சன்னல்களைக் கடற்காற்று உலுக்குகிறது. டோர்க்கிலின் மகன் போன மீன்படகு இன்னும் கரை திரும்பவில்லை. அவர் எழுந்து நிற்கிறார். இங்கே இசைக்கருவி கிடையாது. வேதாகமச் சங்கீதத்தின் ஒவ்வோர் அடியையும் அவர் எடுத்துக் கொடுத்தால்தான் சபை பின்தொடரும். விடியலுக்குக் காத்திருப்பவனின் சங்கீதம் அது. முதலடி போகிறது. இரண்டாவது பாதியிலேயே அறுந்துபோகிறது. கண் சன்னலுக்கே ஓடுகிறது. புதினா மிட்டாயை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றுவிடுகின்றன. "எடுய்யா டோர்க்கில்," என்று பின்வரிசைக் கிழவர் முனகுகிறார். பெண்கள் ஒருநாளும் அடியெடுக்காத அந்தக் கூடத்தில், அவர் மனைவி மார்சலி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறாள். "பொம்பளையா?" என்கிறார் கிழவர். "சும்மா இருய்யா, பெத்தவ கூப்பிடுறா," என்கிறார் பக்கத்திலிருப்பவர். சபை மொத்தமும் அலையாக எழுகிறது. சன்னல் இன்னும் அதிர்கிறது. அடுத்த அடிக்காக டோர்க்கில் மனைவியின் முகத்தையே பார்த்து நிற்கிறார்.