கருப்பட்டி வழக்கு

டிவி சீரியல் ஒன்றின் நாயகனையும் நாயகியையும் வைத்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல், ஃபாஸிலா புனைபெயரில் இணையத்தில் கதை எழுதிவந்தாள். நாயகியை நாயகன் என்ன செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாசகர்களிடம் கேட்டது வினையாய் முடிந்தது.

"கருப்பட்டி" என்று எழுதினார் 'கடல்காற்று' என்ற வாசகர்.

"வேண்டாம். எங்க வீட்டு ஆளும் கல்யாணமான புதுசுல அப்படித்தான் விளிச்சாரு. மூணே வருஷத்துல மறந்துட்டாரு" என்றாள் 'பிச்சிப்பூ'.

"விளிச்சா திரும்பியே பாக்காதவள எத்தன நாளு விளிக்கது?" என்று பாய்ந்தார் 'கடல்காற்று'.

எண்பது பின்னூட்டம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. மற்ற வாசகர்கள் ஓட்டம் பிடித்தார்கள். ஃபாஸிலா இருவரையும் கதைப்பக்கத்திலிருந்தே பிளாக் செய்தாள்.

மறுநாள் மாமனார் யாக்கூப் போனை நீட்டினார்.

"மோளே, இதக் கொஞ்சம் பாரு. நேத்தையிலயிருந்து ஒரு கதை தொறக்க மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கதைதான்.

அவர் முன்னறைக்குப் போனதும் மாமியார் சைனப் பீவி அடுக்களையிலிருந்து வந்தாள்.

"என் போன்லயும் அதே கோளாறுதான். மாமாட்ட சொல்லிராத."

இவள் சொன்னால்தான் உண்டு. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிப் பதினோரு வருஷம். சோறு வெந்ததைக்கூட ஃபாஸிலாதான் போய்ச் சொல்ல வேண்டும்.

அவள் இருவருக்கும் பிளாக்கை எடுத்துவிட்டாள்.

ஐந்தே நிமிடத்தில் முன்னறையிலிருந்து பின்னூட்டம் வந்தது.

"பிச்சிப்பூ, நேத்தையிலயிருந்து ஒங்களக் காணலியே?"

அடுக்களையில் மாமியின் மீன்குழம்பு அடிப்பிடித்தது.