கடைசிப் பக்கத்து முகம்

ஒரகடத்து வாடகை அறையில் சந்தனமாரி மடியில் கிடந்த தன் கைக்குழந்தைக்குப் புத்தகம் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் மகள் ரஞ்சனி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, எல்லாப் படமும் கறுப்பு வெள்ளையாவே கீது?”

“இந்த வயசுல இதுதான் கண்ணுக்கு நல்லாத் தெரியுமாம், ரஞ்சனி” என்றவள் குழந்தையிடம் குனிந்தாள். “மீன் பாருல, பூனை பாருல…”

கடைசிப் பக்கம் வந்ததும் குழந்தை சிரித்தது.

“ஜெராக்ஸ் எடுத்து ஒரு மூஞ்சி ஒட்டிகீறியே, யாரு, துபாய்ல கீற மாமாவா? வந்து எறங்குனா புள்ள அலறும்னு பயமா?”

சந்தனமாரி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். கம்பெனி அடையாள அட்டையில் இருக்கும் அவளுடைய முகமேதான்.

“பிரசவ லீவு முடிஞ்சிட்டு. நாளைக்கு எங்க அண்ணன் வீட்டு மயினி வந்து இவனை ஊருக்குத் தூக்கிட்டுப் போறாவ. நான் இனிமே பொங்கலுக்குத்தான் போவேன். அப்போ என்னைப் பார்த்து அழக் கூடாதுல்லா?”