வேலிப் பொட்டு

காலை ஆறே கால் மணி. காரின் இடதுபக்கப் பின்கதவில் மூன்று கீறல்கள். கண்டது கோகுலன்.

காரடியில் பூக்கூடையோடு நின்றது மீனாம்பிகை, அடுத்த வளவுக்காரி.

அச்சுவேலியில் அந்த இரண்டு வளவுக்கும் நடுவே, தடிகள் நட்டுக் கட்டிய ஒரு கதியால் வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து போய்வரும் அளவுக்கு ஓர் இடைவெளி; அதுதான் பொட்டு. அதற்குள்ளால்தான் மீனாம்பிகை விடியற்காலையில் செவ்வரத்தம்பூ ஆய வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் கோகுலனின் மகள் சாருஜா அதற்குள்ளால்தான் அங்கே சாப்பிடப் போவாள்.

"மீனாக்கா, காரடியிலை என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. சும்மா நிண்டனான்."

"சும்மா நிண்டால் கீறல் விழுமோ?"

குசினி வாசலில் கோகுலனின் மனைவி பிரசாந்தி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். மீனாம்பிகை அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, பொட்டால் குனிந்து போய்விட்டார்.

அன்றைக்கே கோகுலன் யாழ்ப்பாணம் போய்ச் சின்னப் போத்தலில் கீறல் மறைக்கிற ரச்சப் பெயின்ற் வாங்கி வந்தான். கருநீலம். மூடியிலேயே தூரிகை. பூசிக் காய்ந்த பிறகு பார்த்தால் காரின் நீலம் வேறு, போத்தலின் நீலம் வேறு.

"நகத்துக்குக் கியூடெக்ஸ் பூசின மாதிரிக் கிடக்கப்பா" என்றாள் பிரசாந்தி.

இரண்டு நாளில் அதுவும் செதிலாக உதிர்ந்தது. அடுத்த கிழமை கீறல்கள் இன்னும் கூடியிருந்தன. அதே கதவு, அதே இடம். இந்த முறை கீறலுக்குள்ளே வெள்ளை தெரிந்தது.

"பார், அடிப்பூச்சு வரைக்கும் கீறியிருக்கிறா."

"ஏன் அவ எண்டு சொல்லுறியள்? பூனையாயும் இருக்கும்."

"பூனைக்கு மூண்டு நகமோ?"

ஞாயிற்றுக்கிழமை அவன் பொட்டுக்குத் தகரம் அடித்தான். சுத்தியல் சத்தம் கேட்டு மீனாம்பிகை வேலிக்கு அந்தப்பக்கம் வந்தார்.

"என்ன தம்பி, பொட்டை அடைக்கிறியள்?"

"ஓம். உங்கடை மனுசன் வானோடை போனதுக்கு நான் என்ன செய்யிறது? மற்றவன்ரை வாகனத்தைக் கண்டால் ஏன் உங்களுக்கு எரியுது?"

மீனாம்பிகையின் கணவர் வான் ஓட்டிப் போகையில் ஏ9 வீதியில் லொறி மோதிச் செத்தவர். அந்த வீட்டில் இப்போது மீனாம்பிகை தனி.

அவர் வாயைத் திறந்தார். வேலிக்கு இந்தப்பக்கம் பிரசாந்தி ஆணிப் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

"பிள்ளைக்குப் புட்டு அவிச்சனான். அதையாவது தரட்டோ?"

"வேண்டாம்" என்றான் கோகுலன். கடைசி ஆணியை அடித்தான்.

மறுநாள் காரைக் கொக்குவிலுக்குக் கொண்டுபோனான். பெயின்ற் அடிக்கிற நிருஷன், கதவு வெய்யிலில் தெரியும்படி காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னான்.

"காரிலை இருக்கிற பெயின்ற் நம்பர்படி கலந்தால் புதுக்காரின்ரை நீலந்தான் வரும் அண்ணை. உங்கடை வெய்யில் குடிச்ச நீலம். கொஞ்சம் வெள்ளை விடவேணும்."

ஒரு மட்டையில் தொட்டுத் தொட்டுக் கதவோடு பிடித்துப் பார்த்தான். ஒன்று பச்சையடித்தது. ஒன்று சாம்பலாக இருந்தது. கடைசியில் ஒன்று கதவோடு கதவாக ஒன்றிப்போனது.

"இனிப் பூசலாம்" என்று ஈரத்துணியால் கீறலைத் துடைத்தான். கீறலுக்குள் இருந்த வெள்ளை துணியோடு வந்துவிட்டது.

நிருஷன் துணியை மணந்து பார்த்தான்.

"அண்ணை, உது அடிப்பூச்சில்லை. திருநீறு."

"என்ன?"

"ஆரோ மூண்டு விரலாலை பூசிப்போட்டு, தெரியாமல் இருக்கத் தேய்ச்சு அழிச்சிருக்கினம். கதவிலை கிடந்த மண் கீறிப்போட்டுது. துடைக்காமல் பெயின்ற் பூசினால் எப்பிடி ஒட்டும்? சரி, இப்ப பூசட்டோ?"

கோகுலன் தன் மூன்று விரலைக் கதவில் வைத்துப் பார்த்தான்.

"பூசு" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது கீறல் எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"மீனாக்கா திருநீறு பூசியிருக்கிறா" என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாந்தானே? நான் அவவை என்னவெல்லாம் கேட்டுப்போட்டன்!"

பிரசாந்தி அடுப்பை அணைத்தாள்.

"நான்தான் பூசச் சொன்னனான்."

"நீயோ?"

"சந்நிதிக் கோயில் திருநீறு. அது சாரு இருக்கிற பக்கத்துக் கதவு. நீங்கள் கார் ஓடுற ஓட்டத்துக்குப் பயந்து, கிழமைக்கு ஒருக்கால் பூசிவிடச் சொல்லி அக்காவைக் கேட்டனான். காரிலை ஒண்டும் பூசக்கூடாது, பெயின்ற் பழுதாப்போம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதாலை, பூசிப்போட்டு அழிச்சு விடுங்கோ எண்டு சொன்னதும் நான்தான்."

"அண்டைக்குக் காரடியிலை நான் அவவைக் கத்தேக்கை நீ பக்கத்திலைதானே நிண்டனீ?"

"அக்கா என்னைப் பார்த்தவ" என்றாள் பிரசாந்தி. "நான் கோப்பையைப் பார்த்தன்."

தகரத்தை அன்று மாலையே கழற்றினார்கள். இரண்டு பேரும் பொட்டால் குனிந்து போனார்கள். மீனாம்பிகை கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா..." என்று தொடங்கினான் கோகுலன்.

மீனாம்பிகை நிமிர்ந்து பிரசாந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிப்போட்டாவோ?" என்றார். "சரி. பிள்ளைக்காகச் செய்தவ. அவவைப் பேசாதையுங்கோ தம்பி."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு பொட்டு திறந்தே கிடந்தது. செவ்வரத்தை பூத்து வாடியது. அவர் ஆய வரவில்லை.

2025 செப்ரெம்பர் 12ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, மீனாம்பிகை வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு, பண்டத்தரிப்பில் இருக்கும் தங்கையோடு இருக்கப் போய்விட்டார்.