அக்கா வந்த காட்சி

சாஃப்ட்வேர் கம்பெனியில் நடக்கும் திகில் படம் என்பதால் டீம் லீடர் தன் குழு முழுவதையும் மதியக் காட்சிக்கு அழைத்துப் போயிருந்தார். போன வாரம்தான் குழுவில் ஒருவருக்கு வேலை போயிருந்தது. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த புரோகிராமர் அவர். வாடிக்கையாளரின் தகவல்களைத் தவறுதலாக அழித்தது டீம் லீடர். பழியைத் தூக்கி அக்கா தலையில் போட்டதும் அவரேதான்.

படத்தில் ஓர் அலுவலகக் காட்சி. பின்வரிசையில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"சார், அது நம்ம அக்கா மாதிரி இல்ல?" என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த, குழுவில் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர்.

"பேசாம படத்தப் பாருப்பா."

அந்தப் பெண் எழுந்து கேமராவை நோக்கி நடந்து வந்தாள். திரை முழுக்க அக்காவின் முகம்.

"சார், நான் அதத் தொடவே இல்ல. உங்களுக்குத் தெரியும்ல?"

அத்துடன் பேச்சும் இசையும் நின்றன. கதாநாயகன் காபிக் கோப்பையும் கையுமாக அசையாமல் நின்றான். அரங்கில் மற்றவர்கள் அடுத்த வசனத்துக்காகத் திரையையே பார்த்திருந்தார்கள். குழு மட்டும் டீம் லீடரைப் பார்த்தது. அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"தெரியும்மா," என்றார் கடைசியில், தொண்டைக்குள்ளேயே.

அக்கா தலையசைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். கதாநாயகன் காபியைக் குடித்தான். படம் ஓடியது.

இடைவேளையில் விளக்கு எரிந்தபோதும் டீம் லீடர் தலை நிமிரவில்லை. டெஸ்டர்தான் மெதுவாகக் கேட்டான்.

"அக்காவுக்கு நீங்க போன் பண்றீங்களா சார், இல்ல நாங்க பண்ணட்டுமா?"