நீல முடிச்சு

“அண்ணே, இது தாகத்துல சாகலை. முழுகிச் செத்திருக்கு.”

செடிக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டதும் தையல்காரரின் முகம் வெளிறிப்போனது. வீட்டு வாசலை ஒட்டிய கம்பி வேலியில் சங்குப்பூக் கொடி ஓர் இலைகூட இல்லாமல், சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி நின்றது.

“நாள் தவறாம ஊத்தினேனே தம்பி! காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி.”

“அதைத்தான் சொல்றேன். பாசத்தைக் கொஞ்சம் குறைச்சிருந்தா பொழைச்சிருக்கும்.”

வேறு சமயமாக இருந்தால் தையல்காரரே சிரித்திருப்பார். இப்போது வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“எங்க பாப்பா வச்சதுப்பா. எங்களுக்கு ஒரே பொண்ணு. பள்ளிக்கூடத்துல யாரோ குடுத்தாங்கன்னு விதையைக் கைக்குள்ள பொத்திக்கிட்டு ஓடி வந்தா. கொடி பூக்குறதைப் பார்த்தா. அதோட சரி, காய்ச்சல்ல போயிட்டா. இருபது வருஷம் ஆச்சு. நாங்க இதைக் கொடின்னே சொல்றதில்லை. பாப்பான்னுதான் சொல்லுவோம்.”

செடிக்கடைக்காரர் புருவத்தைச் சுருக்கினார். “இருபது வருஷமா? சங்குப்பூ அவ்வளவு காலம் தாங்காதே அண்ணே.”

“எங்க வீட்டுல தாங்குச்சே!” அந்த நிலைமையிலும் தையல்காரரின் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. மறுகணமே அது இறங்கிப்போனது. “இத்தனை வருஷமும் என் வீட்டுக்காரிதான் பார்த்துக்கிட்டா, நான் கிட்டகூடப் போனதில்லை. என் கையில கொடுத்துட்டுப் போனா, நான் கெடுத்துட்டேன்.”

அவர் மனைவி கால் எலும்பு முறிந்து அக்கா வீட்டில் படுத்திருந்தாள். தினமும் போனில் அவள் கேட்கும் முதல் கேள்வியே, “பாப்பா எப்படி இருக்கா?” என்பதுதான். கட்டிய புருஷன் சாப்பிட்டானா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். “அவளுக்கென்ன, ஜம்முனு இருக்கா” என்று இவரும் ஒரு வாரமாக வாய் கூசாமல் புளுகிக்கொண்டிருந்தார்.

“வந்து பார்த்தா உடைஞ்சு போயிடுவா தம்பி. பொண்ணை ரெண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி ஆயிடும் அவளுக்கு.”

“இதைப் பிடுங்கிட்டு வேற ஒண்ணு...”

“பிடுங்கவா?” தையல்காரர் எழுந்து வேலிக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார்.

“சரி சரி, பிடுங்கலை.” செடிக்கடைக்காரர் காய்ந்த கொடிக்குள் துழாவி, அதில் தொங்கிய நெற்று ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். உள்ளங்கையில் கறுப்பு விதைகள் உதிர்ந்தன. “பாருங்க, போகும்போது பிள்ளைகளை விட்டுட்டுத்தான் போயிருக்கு. மண்ணை மாத்திட்டு இதையே ஊன்றுங்க. முளைச்சதும் காஞ்ச கொடி மேலேயே ஏத்திவிடுங்க. புதுசு படர்றதுக்கு இதைவிட நல்ல பந்தல் வேற எங்கே கிடைக்கும்? மூடிடுச்சுன்னா அண்ணிக்கு அடையாளமே தெரியாது. தண்ணி மட்டும்...”

“ஒரு சொம்பு.”

“அரைச் சொம்பு!”

அன்றிலிருந்து தையல்காரருக்கு மெஷினில் கால் இருந்தாலும் கண் வேலியிலேயே இருந்தது. முளை விட்டது. தளிர் நீண்டு எதையாவது பிடிக்கத் தடவியபோது, பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துணியை நாடாவாகக் கிழித்து, காய்ந்த தண்டோடு சேர்த்து மெல்ல முடிச்சுப் போட்டார். அப்படிக் கட்டும்போது உள்ளே நைந்துபோன ஒரு மஞ்சள் துணி முடிச்சு தட்டுப்பட்டது. கொடி சரியாமல் இருக்க மனைவி எப்போதோ கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி கைத்தடியோடு வந்து இறங்கியபோது வேலி முழுக்கப் பச்சை. இலைக்கு இலை நீலப் பூ.

“வெயில்ல நிக்காதே, உள்ளே வா. கால் வலிக்கப்போகுது” என்று தையல்காரர் அவசரப்படுத்தினார்.

அவள் கேட்டால்தானே? நேராக வேலிக்குப் போனாள். இலைகளை விலக்கி உள்ளே கையை விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது.

“இவ்வளவு நாளும் பாப்பாவை நான்...” என்று தையல்காரர் எதையோ ஆரம்பித்தார்.

“தையல்காரர் போடுற முடிச்சா இது?” என்றாள் அவள், நீலத் துணியைத் தொட்டபடி.

அவ்வளவுதான், அவர் உடைந்துவிட்டார். “நான்தான் கொன்னுட்டேன்மா. தண்ணியை ஊத்தி ஊத்தி நானே கொன்னுட்டேன். நீ தாங்க மாட்டேன்னு நினைச்சுத்தான் மறைச்சேன். என்னை மன்னிச்சிடு.”

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. கைத்தடியை வேலியில் சாய்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் கொடிக்குள் விட்டாள்.

“என்ன தட்டுப்படுது?”

“மஞ்சள் துணி. நீ கட்டினது.”

“இன்னும் உள்ளே விடுங்க.”

அவர் விரல்கள் காய்ந்த கொடியைத் தாண்டி, அதைவிடப் பழசாய், கயிறு போல் இறுகிக் கிடந்த இன்னொரு காய்ந்த கொடியைத் தொட்டன. அதில் ஒரு சிவப்பு முடிச்சு.

“அதுவும் நான் போட்டதுதாங்க” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பாப்பா வச்ச கொடி, அவ போன மறு வருஷமே பட்டுப்போச்சு. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நினைச்சுத்தான் நானும் மறைச்சேன்.”